காயம் உண்மை, கள்ளன் யார் என்பதுதான் கேள்வி

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சைஃப் அலி கான் வீட்டுக்குள்ளே கள்ளன் புகுந்து குத்தினான் என்று மும்பைப் பொலிஸ் சொன்ன கதையை நீங்கள் நம்புகிறீர்களா ஐயா? இங்கே தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் அது நாடகம் என்றுதான் சொல்கிறார்கள். கோட்டில் இருந்தவர் நீங்கள், விளக்கமாகச் சொல்லுங்கோ."

கோட்டில் இருந்தேன் என்பது சரி. ஆனால் நீதவானும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. வவுனியாவிலும் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமும் நீதவான் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக நின்றவன். சிங்களத்தில் சொன்னதைத் தமிழிலும் தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என்னுடைய வேலை. அந்த வேலை ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டது. ஒருவர் "கண்டேன்" என்றாரா, "கண்டதாகச் சொன்னார்கள்" என்றாரா என்பதில்தான் என் காது போய் நிற்கும். அந்தக் காதோடு கேட்டால், தேத்தண்ணிக் கடைக் கதையில் இரண்டு வேறு சந்தேகங்கள் ஒரே சாக்குக்குள் கட்டிக் கிடப்பது தெரியும். ஒன்று, அப்படி ஒன்று நடந்ததா என்பது. மற்றது, பிடிபட்டவன்தான் செய்தானா என்பது. முதலாவது சந்தேகத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை. இரண்டாவதுக்கு நிறைய உண்டு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 ஜனவரி 16, அதிகாலை இரண்டரை மணி அளவில், மும்பை பாந்த்ராவில் உள்ள அடுக்குமாடியில் இந்தி நடிகர் சைஃப் அலி கான் வீட்டுக்குள் ஒருவன் நுழைந்தான். சின்ன மகனின் அறையில் அவனை முதலில் கண்டது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதி. ஒரு கோடி ரூபாய் கேட்டான் என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். சத்தம் கேட்டு வந்த சைஃபுக்கும் அவனுக்கும் இழுபறி, ஆறு இடத்தில் காயம், அதில் இரண்டு ஆழமானவை, ஒன்று முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் காரை எடுக்க ஆளில்லாமல் ஓட்டோவில் ஏற்றி லீலாவதி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே சத்திரசிகிச்சை செய்து இரண்டரை அங்குலக் கத்தித் துண்டை வெளியே எடுத்தார்கள். 21ஆம் தேதி அவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, தானே நடந்து, கைகாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த நடையில்தான் வினை தொடங்கியது. முதுகில் கத்தி உடைந்து கிடந்தவன் ஐந்து நாளில் இப்படி நடப்பானா? இதைக் கேட்டது தெருவில் போன ஆட்கள் மட்டும் இல்லை. சிவசேனையின் சஞ்சய் நிருபம் கேட்டார், மகாராஷ்டிர அமைச்சராக இருக்கும் நிதேஷ் ராணே உண்மையிலேயே குத்தினார்களா இல்லை நடிப்பா என்ற மாதிரி மேடையிலேயே பேசினார். ஒரு மாநில அமைச்சர் தன்னுடைய அரசாங்கத்துப் பொலிஸ் விசாரிக்கிற வழக்கைப் பற்றி இப்படிப் பேசினால் சனம் என்ன செய்யும், சொல்லுங்கோ. பிறகு காப்புறுதிப் பத்திரம் ஒன்று வெளியே கசிந்தது. கிட்டத்தட்ட 36 இலட்சம் கேட்டதில் 25 இலட்சம் உடனேயே அனுமதி என்று. அதோடு கதைக்குக் காசு மூட்டையும் கிடைத்துவிட்டது.

இதில் என் எண்ணம் இதுதான். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் குத்துவதும் முதுகுத்தண்டில் குத்துவதும் ஒன்று இல்லை. நரம்பு தப்பியிருந்தால், முதுகுத்தண்டில் இருந்து கசிந்த திரவத்தை நிறுத்தித் தையல் போட்ட பிறகு ஆளை எழுப்பி நடக்கவைப்பதுதான் இன்றைய வைத்தியம். கட்டிலில் மாதக்கணக்கில் கிடத்துகிற காலம் போய்விட்டது. நாங்களே பார்க்காததா? 2009க்குப் பிறகு முதுகிலும் தலையிலும் ஷெல் துண்டை வைத்துக்கொண்டு வயல் உழுகிறவர்களும் சைக்கிளில் மீன் விற்கிறவர்களும் வன்னியில் எத்தனை பேர்! அந்த ஊரில் இருந்துகொண்டு "காயம்பட்டவன் எப்படி நடப்பான்" என்று கேட்பதுதான் எனக்குச் சிரிப்பு. வீட்டுக்குப் போகும்போது சக்கர நாற்காலியிலோ அம்புலன்சிலோ போகச் சொன்னார்கள், ரசிகர்கள் பயப்படக்கூடாது என்று தான்தான் நடந்தேன், கடைசியில் அதுவே பொய் என்று சொல்லக் காரணமாகிவிட்டது என்று பிறகு அவரே ஒரு நிகழ்ச்சியில் சொன்னார். நடிகன் நடந்தால் நடிப்பு, படுத்தால் அதுவும் நடிப்பு.

இன்னொன்று. ஒரு காயத்தை மறைக்கலாம், இல்லாத காயத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் உருவாக்குவது லேசான காரியம் இல்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எத்தனை பேர், மயக்க மருந்து கொடுத்தவர், தாதிமார், எக்ஸ்றே எடுத்தவர், கத்தித் துண்டைப் பையில் போட்டு முத்திரை வைத்தவர், அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போன பொலிஸ்காரன், எல்லாரும் ஒரே பொய்யை ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். நான் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் எத்தனையோ வருடம் நின்றவன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சொல்கிற பொய்யே குறுக்கு விசாரணையின் மூன்றாவது கேள்வியில் விரிசல் விடும். பதினைந்து இருபது பேர் சேர்ந்து சொல்கிற பொய் பத்து நாள் தாங்காது. காப்புறுதிக் காசைப் பற்றிக் கேட்டால், அந்த ஆளுக்கு அது பெரிய தொகையா என்று யோசியுங்கோ. அதில் உண்மையான கேள்வி வேறு: சாதாரண ஆளுக்கு ஏன் அந்த வேகத்தில் அனுமதி கிடைப்பதில்லை என்பது. மும்பை வைத்தியர் சங்கம் ஒன்று அதைத்தான் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணையத்திடம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் கத்திக்குத்து நடந்ததா இல்லையா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டில் கிடந்த நகையைத் தொடவில்லையே, அது என்ன களவு என்றும் கேட்கிறார்கள். கள்ளனைக் கணக்குப் பிள்ளை என்று நினைக்கிறவர்களின் கேள்வி அது. அலுமாரிச் சாவி கதவிலேயே தொங்க, அதை விட்டுவிட்டுக் கிணற்றடித் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போன வழக்குகளுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆள் விழித்துவிட்டால் கள்ளனுக்கு வாசல் மட்டும்தான் தெரியும்.

ஓட்டோவில் கூடப் போனது யார் என்பதில் வந்த குழப்பமும் அப்படித்தான். முதலில் மூத்த மகன் இப்ராகிம் என்றார்கள், பிறகு எட்டு வயது தைமூர் என்றார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் பொய் என்பது கடைக் கணக்கு. கோட்டுக் கணக்கு வேறு. இரவு இரண்டரை மணிக்கு இரத்தத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் அனுபவமுள்ள சட்டத்தரணி நிமிர்ந்து உட்காருவார்.

சரி, இப்போது மற்றப் பக்கம்.

இந்த வழக்கில் சனத்தின் சந்தேகத்தை வளர்த்தது சனம் மட்டும் இல்லை, பொலிசும்தான். அடுத்த நாளே ஒருவரைப் பாந்த்ராப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள், கமராக்கள் எல்லாம் படம் பிடித்தன, பிறகு அவருக்குச் சம்பந்தம் இல்லை என்றார்கள். 18ஆம் தேதி சத்தீஸ்கரில் துர்க் ரயில் நிலையத்தில் ரயிலுக்குள் இருந்த ஒருவரைப் பிடித்தார்கள், படம் எல்லா இடமும் போனது. அடுத்த நாள் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தானே என்ற நகரில் வேறொருவரைப் பிடித்ததும் இவரை விட்டுவிட்டார்கள். விட்டது சரி. ஆனால் அந்த இடைவெளிக்குள் அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது, பேசியிருந்த கலியாணமும் நின்றுவிட்டது. இந்த வழக்கில் சைஃபுக்கு அடுத்து ஆழமாகக் காயப்பட்டவர் யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அவருக்குத் தையல் போட ஆளில்லை.

கடைசியாகப் பிடிபட்டவர் வங்காளதேசத்துக்காரர் என்றும் வேறு பெயரில் இந்தியாவில் வேலை செய்தவர் என்றும் பொலிஸ் சொன்னது. உணவுக் கடை ஒன்றில் கைத்தொலைபேசி மூலம் காசு கட்டியதை வைத்துத்தான் வழி கண்டோம் என்றார்கள். படிக்கட்டு வழியாகக் கொஞ்சத் தூரம் ஏறி, பிறகு குளிரூட்டிக் குழாய் போகிற வழியால் குளியலறை ஜன்னலுக்குள் நுழைந்தான் என்றார்கள். யாருடைய வீடு என்றே அவனுக்குத் தெரியாதாம். அந்தரத்தில் குழாயைப் பிடித்து ஏறிய ஒருவன் யார் வீடு என்று தெரியாமல் ஏறினான் என்பதை விழுங்குவதற்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் கஷ்டம் என்பதால் பொய் ஆகிவிடாது. உயரக் கட்டடம் ஏறிக் களவெடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பிறகு படிக்கட்டுக் கமராவில் தெரிந்த முகம். அது என்னுடைய மகனே இல்லை, மயிர் அப்படி வளர்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை என்று அங்கே இருந்து தகப்பன் சொன்னார். பொலிஸ் முகத்தை ஒப்பிடும் பரிசோதனை செய்து ஒரே ஆள்தான் என்றது. தகப்பன் சொல்வதையும் அப்படியே எடுக்க முடியாது, தன் பிள்ளையைக் கள்ளன் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான். ஆனால் கணினி சொன்னால் தெய்வ வாக்கு என்றும் எடுக்க முடியாது. மங்கலான படத்தில் ஒருவர் இன்னொருவராவது புதிய விஷயம் இல்லை.

கைரேகை விஷயம்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டது. அனுப்பிய இருபது மாதிரிகளில் பத்தொன்பது பொருந்தவில்லை, பொருந்திய ஒன்றும் வீட்டுக்குள் எடுத்தது இல்லை, கட்டடத்தின் எட்டாம் மாடியில் எடுத்தது என்று வெளியே வந்தது. இதைக் கேட்டதும் "பார்த்தியா!" என்று துள்ளுகிறார்கள். பொறுங்கோ. வேலைக்காரர், உறவினர், பிள்ளைகள் என்று பத்துப் பேர் புழங்குகிற வீட்டுக் கதவில் ரேகை எடுத்தால் அவர்களுடைய ரேகைதான் அதிகம் வரும். வியர்வைக் கை வழுக்கினால் தேய்ந்த கோடுதான் மிஞ்சும், துணி சுற்றிய கை என்றால் அதுவும் இல்லை. ரேகை பொருந்தினால் ஆள் அங்கே இருந்தான் என்பதற்கு நல்ல சாட்சி. பொருந்தாவிட்டால் ஆள் அங்கே இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. என்றாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இது நல்ல தீனி, அதை அவர் விடக்கூடாது, விட்டால் அவர் வாங்கும் கூலிக்குத் துரோகம்.

பொலிஸ் பக்கம் உள்ளதில் கனமானது கத்திதான். ஒரு துண்டு சைஃபின் முதுகில் இருந்து, ஒரு துண்டு வீட்டில் இருந்து, மிச்சம் பாந்த்ராவில் ஒரு குளத்துப் பக்கம் எறிந்த இடத்தில் இருந்து. மூன்றும் ஒரே கத்தி என்று ஆய்வுகூடம் சொன்னதாக, ஏப்ரலில் போட்ட ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட குற்றப்பத்திரத்தில் இருக்கிறது. ஒத்துக்கொண்டான் என்கிற பேச்சைவிட இது பெறுமதி. ஏன் என்று சொல்கிறேன், எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய உறவு இதில் இருக்கிறது.

1872இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு ஒரு சாட்சியச் சட்டம் எழுதினான். அதையே அடிப்படையாக வைத்து 1895இல் இலங்கைக்குச் சாட்சியக் கட்டளைச் சட்டம் வந்தது. பிரிவு இலக்கம்கூடப் பல இடத்தில் ஒன்றுதான். 25ஆம் பிரிவு இரண்டு ஊரிலும் ஒன்றையே சொன்னது: பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இந்தியா 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்துக்கு மாறியும் அந்த விதியைக் கைவிடவில்லை. எழுதியவனுக்கே தன்னுடைய பொலிசை நம்பிக்கை இல்லை, பாருங்கோ! 27ஆம் பிரிவு ஒரு சின்ன வாசல் திறந்துவிட்டது. கைதி சொன்ன சொல்லால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு ஒட்டிய அளவு சொல்லை மட்டும் எடுக்கலாம். அதனால்தான் குளத்தடிக் கத்தித் துண்டு முக்கியம். அதனால்தான் அதை எடுத்தபோது யார் கூட நின்றார்கள், எப்படி முத்திரை வைத்தார்கள், எந்த நாள் ஆய்வுகூடம் போனது என்பதில்தான் வழக்குக் கிடக்கிறது. டிவியில் "குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று சிவப்பு எழுத்தில் ஓடுவதற்கு நீதிமன்றத்தில் ஒரு சதப் பெறுமதி இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது தனியாக உறைக்க ஒரு காரணம் இருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேலானவரும் எடுத்த ஒப்புதல் செல்லும் என்று அந்த 25ஆம் பிரிவுக் கதவையே உடைத்தது. வன்னியில் ஒப்புதல் வாக்குமூலம் என்று சொன்னால் யாராவது ஒருவர் வீட்டுப் பிள்ளையின் முகம் ஞாபகம் வராமல் போகாது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சாதாரண களவு வழக்கையே எடுங்கோ. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், 1988இன் 16ஆம் திருத்தம் சொல்கிறது. ஆனால் முறைப்பாடு தொடங்குவது நீதிமன்றத்தில் இல்லையே. பொலிஸ் நிலையத்து மேசையில் தொடங்குகிறது. அங்கே அம்மா தமிழில் சொல்ல, பொலிஸ்காரர் கொப்பியில் சிங்களத்தில் எழுத, கீழே அம்மா தமிழில் கையெழுத்து வைத்த முறைப்பாடுகளை நான் எண்ணிக்கை இல்லாமல் வாசித்திருக்கிறேன். பிறகு கூண்டில் ஏறியதும் அதைத் திரும்பத் தமிழில் நான் சொல்ல, "நான் இப்படிச் சொல்லேல்லையே ஐயா" என்று என்னைத்தான் பார்ப்பார்கள், நான் எழுதினது மாதிரி. அந்த அம்மாவுக்கு அதிகாரபூர்வமான கதை என்பது தன்னுடைய கதைக்கு மேல் யாரோ எழுதிய வேறு கதை. அப்படிப்பட்ட ஊரில் மும்பைப் பொலிஸ் சொன்னதையும் ஒருவரும் நம்பவில்லை என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

2011 ஆகஸ்டும் அப்படித்தான். கிறீஸ் பூதம் என்று நாடு முழுக்க ஒரே அல்லோலகல்லோலம். உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வீடுகளுக்குள் புகுந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று. மீளக் குடியேறி ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாத காலம், தகரக் கொட்டில், சேலையால் மறைத்த வாசல், ஆண் துணை இல்லாத வீடுகள். துரத்திக்கொண்டு போனால் ஆள் இராணுவ முகாம் பக்கம் போய் மறைகிறான் என்று பல ஊர்களிலும் சனம் சொன்னது. எல்லாம் வதந்தி, மனப்பிராந்தி என்று அரசாங்கப் பக்கம் சொன்னது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சனம் முகாமைச் சூழ, இராணுவமும் பொலிசும் இரவோடு இரவாக நூறு பேர் அளவில் அடித்துக் கைதுசெய்து கொண்டு போனார்கள். அந்த மாதக் கடைசியோடு அவசரகாலச் சட்டமும் முடிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் இன்றைக்கும் ஆட்கள் கதைக்கிறார்கள். முடிச்சு சரியா பிழையா என்பதை விடுங்கோ, நடந்ததை நடந்தது என்று ஒருவரும் ஒழுங்காக விசாரிக்காமல் "வதந்தி" என்று ஒரு சொல்லால் துடைத்தால், அடுத்த தடவை நீ உண்மை சொன்னாலும் ஒருவரும் கேட்க மாட்டான்.

ஆனால் அந்தப் பழக்கம் எங்களையே எங்கே கொண்டுபோய் விழுத்தும் என்பதற்கு வேறொரு நாட்டுக் கதை சொல்கிறேன். 2022 அக்டோபர் 28, இதே அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசியின் வீட்டுப் பின்பக்கக் கண்ணாடியை உடைத்து ஒருவன் உள்ளே போனான். நான்சி வீட்டில் இல்லை, 82 வயதுக் கணவர் தனியே. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிழவர் தந்திரமாக அவசர இலக்கத்துக்குப் பேசினார். பொலிஸ் வந்து கதவு திறக்க, இருவருடைய கையும் ஒரு சுத்தியலில். பொலிசுக்கு முன்னாலேயே அவன் பறித்து மண்டையில் அடித்தான்.

இவ்வளவு நேர்ச் சம்பவத்தில் சந்தேகத்துக்கு எங்கே இடம் என்று நினைப்பீர்கள். அழைப்பை எடுத்தவர் பொலிஸ்காரருக்கு அனுப்பிய செய்தியில், வீட்டுக்காரருக்கு ஆளைத் தெரியாது, ஆனால் பெயர் டேவிட், நண்பன் என்று சொல்கிறார் என்று இருந்தது. கிழவர் பக்கத்தில் நிற்கிறவன் சொல்லச் சொன்னதைத் திருப்பிச் சொன்னது அது. உரைபெயர்ப்பாளன் காதுக்கு அது உடனே பிடிபடும். சனத்துக்கு "நண்பன்" என்ற ஒரு சொல் மட்டும் போதுமாக இருந்தது. கள்ள உறவு என்றார்கள், இருவரும் உள்ளாடையோடு நின்றார்கள் என்றார்கள், கதவு திறந்தது மூன்றாவது ஆள் என்றார்கள். ஒரு பெரிய தொலைக்காட்சி குழப்பமான செய்தி போட்டுவிட்டு அன்றைக்கே இழுத்து எடுத்தது, எடுத்தது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. எலான் மஸ்க் ஒரு வதந்திப் பக்கத்தின் இணைப்பைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்தார். பொலிசின் உடல் கமராப் படம் வெளியே வந்தது மூன்று மாதம் கழித்து, ஜனவரி 27, அதுவும் செய்தி நிறுவனங்கள் கேட்டு நீதிமன்றம் விடச் சொன்ன பிறகு. பார்த்தால் பொலிஸ் முதல் நாள் சொன்னதுதான் நடந்திருந்தது. வந்தவன் நான்சியைத் தேடித்தான் வந்தேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னான். மத்திய நீதிமன்றம் 30 வருடம், மாநில நீதிமன்றம் பிணை விடுதலை இல்லாத ஆயுள் தண்டனை. அந்த மூன்று மாதமும் மண்டையில் அடிபட்ட கிழவரைப் பார்த்து உலகம் சிரித்தது.

அதனால் தம்பி, பாந்த்ராக் கதையில் என் நிலை இதுதான்: குத்து நடந்தது. குத்தியவர் பிடிபட்டவர்தானா என்பதை மும்பை நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துச் சொல்ல வேண்டும், அவர் தன்னைப் பொய்யாக மாட்டிவிட்டார்கள் என்று சொல்லிப் பிணை கேட்டிருக்கிறார், கேட்க அவருக்கு முழு உரிமை. அடையாள அணிவகுப்பு பிப்ரவரியில் சிறையில் வைத்து நடந்தது, தாதியும் இன்னொரு வேலையாளும் அவரைக் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன்னமே அவர் முகம் இந்தியா முழுவதும் டிவியில் ஓடிவிட்டதே. எங்கள் கோட்டுகளில் சந்தேகநபரை முகத்தை மூடிக் கொண்டு வருவது எதற்கு? படத்தைப் பார்த்த பிறகு ஆளைக் காட்டினால் சாட்சி காட்டுவது இரவு கண்டவனையா, டிவியில் கண்டவனையா? தேத்தண்ணிக் கடையில் சந்தேகப்படத்தான் வேண்டும் என்றால் இந்த இடத்தில் படட்டும். நடிகரின் முதுகில் இல்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெயர், இடம் வேண்டாம். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டி மேலே கொஞ்சம் சொந்தக் காசும் போட்டது. அந்த அம்மா ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர். ஒரு இரவு ஓட்டைப் பிரித்து இறங்கி, அவரைத் தலையில் அடித்துப்போட்டு, நகையும் அந்த மாதச் சீட்டுக் காசும் போய்விட்டது. தலையில் ஒன்பது தையல். ஊர் என்ன சொன்னது தெரியுமா? சீட்டுக் காசு கட்டாமல் இருக்க அவ போட்ட நாடகம் என்றது. தானே தலையை உடைத்துக்கொண்டாளாம்! அதே கிழமை பொலிஸ் ஒரு பெடியனைப் பிடித்தது, அந்த வீட்டுக்கு வேலி அடைக்க வந்துபோனவன், தகப்பன் இல்லை. அதை மட்டும் ஊர் உடனேயே நம்பியது. அவன்தான், அவன்ரை முழியைப் பார் என்றது. ஒரே வாயால் களவு நடக்கவில்லை என்றும் களவெடுத்தவன் இவன் என்றும் சொன்ன ஆட்களை நான் நேரே கேட்டிருக்கிறேன், அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்ட தூர ஊர்க்காரன் ஒருவன் அடகுவைத்த நகைகளோடு அந்த அம்மாவின் தாலிக்கொடியும் வந்தது. அம்மா அதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டு வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பெடியனை நீதவான் விடுவித்த நாள் நான்தான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கட்டளையைச் சொன்னேன். விளங்கினதா என்று கேட்டேன். தலையாட்டினான். பிறகு வெளியில் மரத்தடியில் வந்து, "வெளிநாடு போறதெண்டா பொலிஸ் றிப்போட் கேக்கினம் ஐயா, அந்தக் கொப்பியில என்ர பேரை வெட்டுவினமோ?" என்று கேட்டான்.

வெட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சட்டத்தரணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.